கை கயிறாக இருக்கட்டும்: நாற்பதுக்குப் பின் பாரந்தூக்கப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிம்பிக் பாரந்தூக்கலில் இன்று இரண்டே முறைகள்தாம் உள்ளன. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்துவது ஸ்நாட்ச். முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் கொண்டுசெல்வது கிளீன் அண்ட் ஜெர்க். பிரஸ் என்ற மூன்றாவது முறை 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு நீக்கப்பட்டது. மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் பிரிவு நாற்பதுக்கு முன்பே தொடங்குவதால், 44 வயதில் கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு சிறிய பயிற்சிக்கூடத்தின் படியேறிய என்னை வயது தடுக்கவில்லை, அவசரம்தான் தடுத்தது.

முதல் தவறு, உடலைப் பரிசோதிக்காமல் பாரை, அதாவது எடைத்தட்டுகள் மாட்டும் இரும்புக்கம்பியைத் தொடுவது. 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்விலும் இனிப்புநீர் (நீரிழிவு) அதிகமாகக் காணப்பட்டது நம் இந்தியரிடையேதான். கனமான பாரத்தைத் தூக்கும்போது தம் பிடிப்பதால் இரத்த அழுத்தம் சட்டென உயரும். இனிப்புநீரால் விழித்திரை பாதிக்கப்பட்டவருக்கு அது கண்ணுக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். ஆகவே அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு வருவதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

அடுத்தது, தசைவலிமையே போதும் என்று நம்புவது. வேலூர்க்காரரான சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149 கிலோவை ஸ்நாட்ச் செய்த காணொளியைப் பார்த்து, அதே வேகத்தை முதல் மாதத்திலேயே முயல்வோரைக் கண்டிருக்கிறேன். அந்த வேகத்துக்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. ஆண்களுக்கான பார் மட்டுமே 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. தொடக்கத்தில் அதுவும் கனமே. துடைப்பக்கட்டையில் தொடங்கி, பிறகு இலகுவான பயிற்சிப் பாருக்கு மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் மிக நீண்ட காலம் செய்த தவறு கையால் இழுத்தது. பார் முழங்காலைத் தாண்டுவதற்குள் என் முழங்கை மடங்கிவிடும். மடங்கிய கை, காலும் இடுப்பும் தரும் விசையைப் பாருக்குக் கொண்டுசேர்க்காமல் பாதியிலேயே விட்டுவிடும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பயிற்றுநர் ஒருநாள் என் முழங்கையைத் தொட்டு, “அண்ணே, கை வெறும் கயிறு. இழுக்கிறது கால்தான்” என்றார். அதன்பின் தரையிலிருந்து தூக்குவதை நிறுத்தி, தொடையின் நடுவிலிருந்து மட்டும் ஆறு வாரம் பழகினேன். பார் தொடையை உரசிக்கொண்டே மேலேறி, இடுப்பு மடியும் இடத்தைத் தொடும் அந்தக் கணத்தில் உடல் முழுதாக நிமிர வேண்டும்; அதற்குப் பிறகே முழங்கை மடங்கலாம். சரியாக அமைந்த முதல் தடவை பார் எடையற்றதுபோல் எழுந்தது. அந்த உணர்வு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் பூட்டும் ஹூக் பிடி முதலில் வலிக்கும். கோலாலம்பூரின் புழுக்கத்தில் வியர்த்த கைக்கு அந்தப் பிடியும், வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடியும் இல்லாமல் முடியாது.

பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் காரிலும், பிறகு அலுவலக நாற்காலியிலும் கழிந்த ஆண்டுகள் நம் கணுக்காலையும் தோளையும் இறுக்கிவிட்டிருக்கின்றன. நம் பாட்டிமார் எளிதாகக் குந்திய அளவுக்குக்கூடக் குந்த முடியாதவர், பாரைத் தலைக்கு மேல் ஏந்திக் குந்தினால் இடுப்பு வளையும். குதிகால் உயர்ந்த பாரந்தூக்கும் காலணி ஓரளவு கைகொடுக்கும். தினமும் பத்து நிமிடம் குந்திப் பழகுவதே உண்மையில் மாற்றம் தருகிறது.

நழுவிய பாரைக் காப்பாற்ற முயல்வது ஆபத்தானது. ஸ்நாட்ச் முன்னால் தவறினால் பாரைத் தள்ளிவிட்டுப் பின்னால் அடியெடுத்து வைக்க வேண்டும்; பின்னால் தவறினால் கையை விட்டு முன்னால் நகர வேண்டும். எடை கூட்டுவதற்கு முன்பே இதைப் பழகிவிட வேண்டும். ரப்பர்த் தட்டும் மேடையும் இல்லாத கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) ஜிம்மில் பாரைக் கீழே போட முடியாது என்பதால் அங்கே இவற்றை முயலாதீர்கள்.

கடைசியாக ஓய்வு. தசை வலுப்பெறும் வேகத்தில் தசைநாண்கள் வலுப்பெறுவதில்லை. நடுவயதில் இந்த இடைவெளியில்தான் தோளும் முழங்காலும் வீங்குகின்றன. வாரத்துக்கு மூன்று நாள் எனக்குப் போதுமாக இருக்கிறது. இவ்வாண்டுத் தைப்பூசத்துக்கு இரதத்தின் பின்னே இரவெல்லாம் நடந்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கினேன். அடுத்த பயிற்சி நாளில் 45 கிலோ என்று குறிப்பேட்டில் இருந்தது. அதை அடித்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் வெறும் பாரைக்கொண்டு மட்டுமே பழகினேன்.