டர்போ இல்லாத டீசல் லாரி எஞ்சினில் டர்போசார்ஜர் பொருத்துவது எப்படி?

டர்போ இல்லாத டீசல் எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலை மட்டும் நம்பிக் காற்றை எடுத்துக்கொள்கிறது. உள்ளே வரும் காற்றுக்கு மேல் டீசலைக் கூட்டினால், அது எரியாமல் கரும்புகையாகவே வெளியேறும். சைலன்சர் வழியே வீணாகும் சூட்டையும் அழுத்தத்தையும் கொண்டு ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸரால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இந்த டர்போ ஏற்பாட்டுக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். டர்போ கொடுப்பது காற்றை மட்டும்தான். இழுவை கூடுவது டீசலைக் கூட்டிய பிறகே. டீசலை எவ்வளவு கூட்டலாம் என்பதை எக்ஸாஸ்ட் வெப்பநிலையே முடிவு செய்வதால், டீசல் பம்ப்பில் கைவைக்கும் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இருக்கும் எஞ்சின் இதற்குத் தகுதியானதுதானா என்று பார்க்க வேண்டும். எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷனை அளந்து, அவற்றுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், டர்போவை மறந்துவிட்டு ரிங்கையும் வால்வையும் கவனிப்பதே சரி. எஞ்சின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே வருவதும் ரிங் தேய்ந்ததற்கு அடையாளம். ஹெட் கேஸ்கெட்டில் ஐயம் இருந்தால் இப்போதே புதிது போட்டு, ஹெட் போல்ட்டுகளையும் மாற்றிவிடலாம். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் காற்று நுழையும் வாயில் குறுகலான ஒரு கழுத்து இருக்கும். அங்கு உண்டாகும் உறிஞ்சலைக் கொண்டே, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டீசல் பம்ப்பின் கவர்னர் இயங்கும். அழுத்தப்பட்ட காற்று வந்தால் இந்த வகை கவர்னர் வேலை செய்யாது என்பதால், மெக்கானிக்கல் கவர்னர் கொண்ட பம்ப்புக்கு மாறாமல் அந்த எஞ்சினில் டர்போ வைக்க முடியாது. அதே எஞ்சினைத் தயாரிப்பாளரே டர்போவுடனும் விற்றிருந்தால், வேலை பாதி முடிந்தது போலத்தான். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு, ஆயில் குழாய்கள், பம்ப் ஆகியவற்றை அந்த எஞ்சினிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பிஸ்டன் வேறாக இருக்கக்கூடும் என்பதையும், பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகள் அதில் மட்டும் இருக்கலாம் என்பதையும் நினைவில் கொண்டு, நம் எஞ்சினின் பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றுக்குத் தரும் கூடுதல் அழுத்தத்தை, அதைவிடக் குறைவாகவே வைக்க வேண்டும்.

எந்த டர்போ பொருந்தும் என்பதைக் கண்ணளவில் தீர்மானிப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலைதான். 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எடுக்கும் என்பதால், நிமிடத்துக்கு 6 × 1400 = 8400 லிட்டர் ஆகிறது. சிலிண்டர்கள் முழுவதும் நிரம்புவதில்லை; 85 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் ஏறத்தாழ 7100 லிட்டர், அதாவது 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 8.3 கிலோ காற்று. இதன் மேல் 0.6 பார் பூஸ்ட் கொடுத்தால் காற்று 60 சதவீதம் கூடிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அழுத்தும்போது காற்று சூடேறி விரிவதால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்று 90 டிகிரியைத் தாண்டிவிடும். உண்மையில் கிடைக்கும் கூடுதல் காற்று 33 சதவீதம் மட்டுமே, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 11 கிலோ. நடுவில் ஓர் இன்டர்கூலரை வைத்து அந்தக் காற்றை 50 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால், குழாயில் சிறிது அழுத்தம் குறைந்தாலும் கூடுதல் காற்று 45 சதவீதத்தை எட்டும்.

இந்த எண்களை, காற்றின் அளவுக்கும் அழுத்த விகிதத்துக்கும் ஏற்பக் கம்ப்ரஸரின் திறனைக் காட்டும் வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்து அழுத்த விகிதத்தை 1.7 என்று வைத்துக்கொண்டால், முழு வேகத்துக்கான புள்ளி வரைபடத்தின் திறன்மிக்க நடுப்பகுதியில் விழ வேண்டும். எஞ்சின் 1400 சுற்றில் லோடு இழுக்கும்போது காற்று ஏறத்தாழ பாதியாகிவிடும். அந்தப் புள்ளி இடப்பக்க எல்லைக் கோட்டுக்கு வெளியே போனால், காற்று முன்னும் பின்னுமாக அடித்து டர்போவின் பேரிங்கைக் கெடுக்கும். லாரிக்கு உச்ச வேகத்தைவிட நடு வேகத்து இழுவையே முக்கியம் என்பதால், பெரிய டர்போவைவிடச் சற்றுச் சிறிய டர்பைனும் அதன் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டும் கொண்ட டர்போவே நல்லது. உட்பாகம் மாற்றாத எஞ்சினில் பூஸ்ட் 0.5 முதல் 0.7 பார் வரை போதும்.

டர்போவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். நீண்ட குழாயில் சூடு வீணாகிறது. மேனிஃபோல்டை வெல்டிங் செய்து உருவாக்குவதாக இருந்தால் தடித்த சுவருள்ள இரும்புக் குழாயைப் பயன்படுத்தி, ஃபிளாஞ்சுகளை வெல்டிங்குக்குப் பிறகு மட்டமாகச் சீவ வேண்டும். டர்பைனுக்குப் பின் வரும் குழாய் பழையதைவிட அகலமாக இருக்க வேண்டும். எஞ்சின் ஆடும்போது அது டர்போவை இழுக்காதபடி நடுவில் வளையும் பெல்லோஸ் துண்டு ஒன்றும் வேண்டும். டர்போவின் எடை முழுவதும் மேனிஃபோல்டில் தொங்கினால் நாளடைவில் விரிசல் விடும் என்பதால், அடியில் ஒரு தாங்கி கொடுக்க வேண்டும். டீசல் குழாயும் பிரேக் குழாயும் டர்பைனுக்கு அருகில் செல்லுமானால், அவற்றை நகர்த்துவதோ வெப்பத் தகடு வைப்பதோ கட்டாயம்.

ஆயில் ஏற்பாட்டில்தான் பெரும்பாலான டர்போக்கள் கெட்டுப்போகின்றன. ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் துளையில் ஒரு டீ இணைப்பை வைத்து, ஃபில்டரைத் தாண்டி வந்த ஆயிலை டர்போவின் மேல் துளைக்குக் கொண்டுபோகலாம். இந்த இணைப்புகளில் டேப்போ சிலிக்கானோ சுற்றக் கூடாது. பிய்ந்த ஒரு துணுக்கு உள்ளே போனாலே பேரிங்குக்குச் செல்லும் வழி அடைபட்டுவிடும். ஆயில் திரும்பும் வழி இன்னும் முக்கியமானது. பேரிங்கைத் தாண்டிய ஆயில் நுரையாகி, அழுத்தம் ஏதுமின்றித் தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. அதனால் திரும்பு குழாயின் உள்விட்டம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், வழியில் எங்கும் தொங்கலோ மேல்நோக்கிய வளைவோ இல்லாமலும், சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேருவதாகவும் இருக்க வேண்டும். டர்போவின் வடிதுளையும் செங்குத்துக் கோட்டிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. டர்போ தண்டில் இருப்பது ரப்பர் சீல் அன்று, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். ஆயில் தேங்கினால் அதைத் தாண்டி இரு பக்கமும் கசியும். டர்போ ஆயில் அடிக்கிறது என்று கழற்றி வீசப்படும் பலவற்றில் கோளாறு இந்த வடிகுழாயில்தான் இருக்கிறது. சம்ப்பில் துளை போடுவதாக இருந்தால் அதை இறக்கி வைத்தே போட வேண்டும்.

காற்றுப் பக்கத்தில், பழைய ஏர் ஃபில்டர் கூடுதல் காற்றுக்குப் போதாது என்பதால் பெரியதாக மாற்ற வேண்டும். ஃபில்டருக்கும் கம்ப்ரஸருக்கும் இடையே சிறு கசிவு இருந்தாலும் தூசி நேரே கம்ப்ரஸர் சக்கரத்தை அரிக்கும். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் புகையை வெளியேற்றும் கிரேங்க்கேஸ் பிரீதர் குழாய் பழைய எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போயிருந்தால், அதை அங்கிருந்து கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பூஸ்ட் அழுத்தம் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலைச் சீல்கள் வழியே வெளியே தள்ளும். ஆயிலைப் பிரிக்கும் ஒரு டப்பா வழியாகக் கம்ப்ரஸரின் உறிஞ்சும் பக்கத்தில் அதை இணைக்கலாம். அந்த டப்பா இல்லாமல் ஆயில் மிகுதியாக உள்ளே போனால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் அந்த ஆயிலைக் குடித்துக்கொண்டே கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து உண்டு.

பூஸ்ட் கேஜ், எக்ஸாஸ்ட் வெப்பநிலை கேஜ் இரண்டும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. வெப்பநிலைச் சென்சாரை டர்பைனுக்கு முன்பாக, சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் இடத்தில் பதிக்க வேண்டும். டர்பைனைத் தாண்டிப் பதித்தால் லோடில் நூறு டிகிரிக்கும் மேல் குறைவாகக் காட்டி நம்மை ஏமாற்றும். மேனிஃபோல்டில் துளை போடும்போது டர்போவைக் கழற்றி வைத்திருந்தால்தான் இரும்புத் துகள் சக்கரத்தில் படாது.

முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். பின்னர் டீசலை நிறுத்தி வைத்துவிட்டு, திரும்பு குழாயில் ஆயில் வருவது தெரியும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சில நிமிடங்கள் ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் விட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டீசல் அளவை மாற்றாமலேயே சில நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பழைய கரும்புகை குறைந்து, எக்ஸாஸ்ட் சூடும் இறங்கியிருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. மலைப்பாதையில் அந்த இழப்பை ஈடுகட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் இந்த நிலையிலேயே நிறுத்திக்கொள்ளலாம், அதுவே எஞ்சினுக்கு நல்லது என்பது என் கருத்து. கூடுதல் இழுவை வேண்டுமானால் பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்து எல்லா சிலிண்டர்களுக்கும் சமமாக டீசலைக் கூட்ட வேண்டும்; வண்டியிலேயே ஸ்க்ரூவைத் திருகுவது குருட்டாம்போக்கான வேலை. காற்று 33 சதவீதம் கூடியிருந்தாலும், டீசலை 20 சதவீதத்துக்குள் நிறுத்தினால் மீதிக் காற்று சூட்டைத் தணிக்கும். பூஸ்ட் வரும் வரை டீசலைக் குறைத்து வைக்கும் டயஃப்ரம் அமைப்பு பம்ப்பில் இருந்தால், வண்டி நகரும்போது புகை கக்காது. அழுத்தப்பட்ட காற்றில் டீசல் விரைவில் பற்றிக்கொள்வதால், டீசல் பீய்ச்சும் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி பின்தள்ளலாம். அதற்கு மேல் தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும்.

முழு லோடுடன் நீண்ட மேட்டில் ஏற்றிச் சோதிக்கும்போது, வெப்பநிலை 650 டிகிரியைத் தாண்டினால் முதலில் கியரைக் குறைக்க வேண்டும். சுற்று கூடினால் காற்றும் கூடும். அப்படியும் 700 டிகிரியை நெருங்கினால் காலைத் தளர்த்த வேண்டும், அலுமினியப் பிஸ்டன் அதற்கு மேல் நெடுநேரம் தாங்காது. அந்த அளவு அடிக்கடி வருமானால் டீசலைக் கூட்டியது மிகை என்று கொண்டு, பம்ப்பை மறுபடி குறைக்க வேண்டும். ரேடியேட்டரும் கிளட்ச்சும் இந்தக் கூடுதல் இழுவையைத் தாங்குகின்றனவா என்பதும் அதே மேட்டில் தெரிந்துவிடும். எஞ்சினில் செய்த மாற்றத்தை வாகனப் பதிவில் குறிக்க வேண்டுமா, புகைச் சோதனையில் தேறுமா என்பதை அந்தந்த நாட்டு விதிப்படி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கடும் இழுவைக்குப் பிறகு எஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டால்தான், டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகாது. மேனிஃபோல்டு நட்டுகள் சூடாகி ஆறும்போது தளர்வதால் முதல் வாரத்திலேயே மறுபடி இறுக்கிவிட்டு, சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும்.