மறைத்து அணியும் கைத்துப்பாக்கிக்கு உறுதியான பெல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து அணிவதற்கு முறையான உரிமம் பெற்றவர்கள், எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்று நாள்கணக்கில் ஆராய்வார்கள், உறைக்கும் ஓரளவு யோசிப்பார்கள். பெல்ட் என்று வரும்போது மட்டும் அலமாரியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருப்பதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பிறகு, துப்பாக்கியின் பிடி வெளிப்புறமாகச் சாய்ந்து சட்டையில் புடைத்துத் தெரிகிறது, நடக்க நடக்கப் பேண்ட் கீழே இறங்குகிறது, உறை இருந்த இடத்தில் இருப்பதில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகள் வரும். இவற்றுக்கெல்லாம் உறைதான் காரணம் என்று நினைத்து இரண்டாவது உறை, மூன்றாவது உறை என வாங்கிக் குவிப்பவர்கள் பலர். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதலிலேயே பெல்ட்டுக்குச் செலவிட்டிருந்தால் பெரும்பாலான குறைகள் தோன்றியே இருக்காது என்பது என் கருத்து.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள துப்பாக்கிகளில் பலர் அணியும் கிளாக் 19, தோட்டாக்கள் நிரம்பிய மேகசினுடன் ஏறத்தாழ 855 கிராம் இருக்கும். முழுக்க எஃகினால் செய்யப்பட்ட 1911 வகைத் துப்பாக்கியின் முழு அளவு வடிவம், காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். இதனுடன் உறையையும் உதிரி மேகசினையும் சேர்த்தால், ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எடை இடுப்பின் ஒரு பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்குள் வந்து தங்குகிறது. பேண்ட் இறங்காமல் இருப்பதற்காக மட்டும் செய்யப்பட்ட மெல்லிய பெல்ட், துணி காயும் கொடி நடுவில் தொய்வதைப் போல அந்த இடத்தில் தொய்ந்துவிடுகிறது. ஆனாலும் எடை கீழே இழுப்பதைக் காட்டிலும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தோட்டாக்கள் நிரம்பிய பிடிப்பகுதி பெல்ட்டின் மேல்விளிம்புக்கும் மேலே நிற்பதால், துப்பாக்கியின் தலைப்பகுதி எப்போதும் உடலை விட்டு வெளியே சாயவே பார்க்கும். பெல்ட் வலுவற்றதாக இருந்தால் அதன் மேல்விளிம்பும் கூடவே வெளிப்புறமாகச் சுருண்டு மடங்கும். சட்டைக்குள்ளிருந்து பிடி துருத்திக்கொண்டு தெரிவதற்குப் பெரும்பாலும் இந்தச் சுருளலே காரணமாகிறது.

ஆகவே உறுதி என்பதை இரண்டு திசைகளில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெல்ட்டின் அகலவாக்கில், அதாவது மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை, அது மடங்கவே கூடாது. நீளவாக்கில், அதாவது இடுப்பைச் சுற்றி வரும் திசையில், அது உடலோடு ஒட்டி வளைய வேண்டும். கடையில் நின்றபடியே இதைச் சோதித்துவிடலாம்: கட்டை விரலை ஒரு விளிம்பிலும் மற்ற விரல்களை எதிர் விளிம்பிலும் வைத்து, இரண்டு விளிம்புகளும் ஒன்றுசேரும்படி பெல்ட்டை மடிக்கப் பாருங்கள், எளிதில் மடிந்து குழாய்போல் ஆனால் அது இந்த வேலைக்கு உதவாது. அடுத்து, ஒரு முழ நீளப் பகுதியை இரண்டு கைகளாலும் பிடித்துத் துணி பிழிவதற்கு முறுக்குவதுபோல் எதிரெதிராகத் திருப்புங்கள். நல்ல பெல்ட் கையை எதிர்த்து நின்று, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும்.

விளம்பரங்களில் பெரும்பாலும் விறைப்பு ஒன்றையே பெருமையாகச் சொல்வதால், எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அடிவயிற்றின் பக்கமாக, பேண்டுக்குள் முன்புறம் செருகி அணிபவர்களுக்கு இது நேர்மாறான பலனைத் தரும். அந்த வகை உறைகளில் விசைக்காப்பு வளையத்தின் அருகே இறக்கைபோன்ற ஒரு சிறு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் அதன்மீது அழுத்தும்போது உறை சற்றுத் திரும்பி, பிடி உடலை நோக்கி உள்ளே அணைகிறது. பெல்ட் இரும்பு வளையம்போல் விறைத்து நின்றால் வயிற்றின் வளைவைப் பின்பற்றாமல் இடைவெளி விட்டுவிடும், இறக்கையும் தன் வேலையைச் செய்யாது. முன்புறமாக அணிபவர் ஓரளவு நெகிழும் பெல்ட்டையும், இடுப்பெலும்பின்மேலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ, அதாவது தொப்புளை 12 மணி என்று கொள்ளும் கடிகாரக் கணக்கில் 3 மணி, 4 மணி இடங்களில் அணிபவர் சற்றுக் கூடுதல் விறைப்புள்ளதையும் தேடுவது பொருத்தம்.

அகலத்தில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ., பெரும்பாலான உறைகளைப் பெல்ட்டில் மாட்டும் கிளிப்புகளுக்கும் பெரும்பாலான பேண்டுகளின் லூப்புகளுக்கும் பொருந்தும் அளவு. ஒன்றேகால் அங்குலப் பெல்ட்டுகள் அலுவலக உடைக்கு அழகாக இருந்தாலும் கனமான துப்பாக்கிக்குப் போதாது. ஒன்றேமுக்கால் அங்குலம் எடையை நன்றாகப் பரப்பித் தாங்கும் என்றாலும் பல பேண்டுகளின் லூப்புகளில் நுழையாது.

உறையின் கிளிப் பெல்ட்டைப் பற்றும் விதம்தான் இதில் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது, ஏனெனில் இது பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது. கிளிப்பின் அடியில் உள்ள கொக்கி, பெல்ட்டின் கீழ்விளிம்புக்கு அடியில் போய்ச் சரியாகப் பிடிக்க வேண்டும். பெல்ட் கிளிப்பைவிட அகலமானதாகவோ அதன் இடைவெளியைவிடத் தடிமனானதாகவோ இருந்தால், கொக்கி பெல்ட்டின் பரப்பின்மீது வெறுமனே உரசிக்கொண்டு நிற்கும். வெளிப்பார்வைக்கு மாட்டியதுபோலவே தெரியும், ஆனால் துப்பாக்கியை உருவும்போது உறையும் சேர்ந்து கையோடு வந்துவிடும். பெல்ட் கிளிப்பைவிடக் குறுகலாக இருந்தால் உறை மேலும் கீழும் ஆடும். கிளிப்பை மாட்டிய பிறகு விரல் நுனியைப் பெல்ட்டின் அடியில் விட்டுத் தடவி, கொக்கி விளிம்பைத் தாண்டிப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்ப்பது நல்ல வழக்கம். எனவே உறையை முதலில் முடிவுசெய்து, அதன் கிளிப் அளவைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற பெல்ட்டை வாங்குவதே சரியான வரிசை.

தோல் பெல்ட்டை விரும்புபவர்கள், மேல்தோல் முழுமையாக உள்ள, செதுக்கப்படாத தோலைக் கேட்டு வாங்க வேண்டும். ‘அசல் தோல்’ என்ற முத்திரை ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. தோலின் வலுவான மேற்பகுதியை நீக்கிய பிறகு எஞ்சும் அடியடுக்கையும் அப்படி அழைத்து விற்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. தோல் தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பெல்ட்டுகளோ இன்னும் மோசம், சில மாதங்களிலேயே அடுக்கடுக்காக உரிந்துவிடும். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாதி உண்மை வெளிவந்துவிடும்: தரமான பெல்ட்டில் இரண்டு தடித்த தோல் அடுக்குகளும் அவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய இணைப்புக் கோடும் தெரியும், மலிவான பெல்ட்டில் விளிம்பு முழுவதும் வண்ணப் பூச்சால் மூடப்பட்டிருக்கும், அல்லது உள்ளே அட்டைபோன்ற ஏதோ ஒன்று எட்டிப்பார்க்கும். தோல் வணிகத்தில் தடிமனை அவுன்ஸில் சொல்வது வழக்கம். ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 0.4 மி.மீ. ஆகும். இரண்டு அடுக்குகளும் சேர்ந்து 12 முதல் 15 அவுன்ஸ் வரை, அதாவது 5 முதல் 6 மி.மீ. வரை இருந்தால் போதுமானது. தையல் ஓரத்தையொட்டி நெருக்கமாகவும் சீராகவும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டு அடுக்குகளும் ஒன்றன்மீது ஒன்று நழுவாமல் காப்பது பசையைவிடத் தையல்தான். சில தயாரிப்பாளர்கள் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய எஃகுத் தகட்டையோ கைடெக்ஸ் போன்ற பிளாஸ்டிக் பட்டையையோ வைக்கிறார்கள்; இதனால் பெல்ட் மெல்லியதாக இருந்தும் அகலவாக்கில் மடங்காது, அலுவலக உடைக்கும் பொருந்தும்.

நைலான் பட்டையால் ஆனவை தோலைவிட எடை குறைந்தவை, வியர்வையிலும் மழையிலும் கெடாதவை. ஆனால் ஒற்றை அடுக்கு நைலான் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு அடுக்குகளை நெருக்கமான தையலால் இணைத்ததையோ, நடுவே விறைப்புப் பட்டை வைத்ததையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பயோதேன் எனப்படும், பாலியெஸ்டர் பட்டையின்மீது பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்த பொருளும் உண்டு. பார்ப்பதற்குத் தோலைப் போலவே இருந்து, ஈரத்தைச் சிறிதும் உறிஞ்சாமல் உழைப்பதால், அதிகம் வியர்ப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். நைலானில் ஒரு குறை அதன் தோற்றம். அகலமான பச்சை நிறப் பட்டையும் பெரிய உலோகப் பக்கிளும் அணிந்துகொண்டு, துப்பாக்கி யாருக்கும் தெரியக் கூடாது என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வதில் பொருளில்லை. பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்குப் பெல்ட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு நுண்மையாக இறுக்கவும் தளர்த்தவும் முடிகிறது என்பதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். வழக்கமான துளைப் பெல்ட்டுகளில் துளைகள் பெரும்பாலும் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். துப்பாக்கி அணிபவருக்கு அது மிக அதிகம், ஒரு துளையில் உறை தொய்யும், அடுத்ததில் மூச்சு முட்டும். முக்கால் அங்குலமோ அதற்கும் குறைவாகவோ இடைவெளி உள்ளதைக் கேட்டு வாங்கலாம். துளையே இல்லாமல், உட்புறம் பல்வரிசை தைத்த ராட்செட் பெல்ட்டுகளில் ஒவ்வொரு பல்லும் ஏறத்தாழ கால் அங்குலம்தான் நகரும் என்பதால், சாப்பிட்ட பிறகோ நெடுநேரம் உட்காரும்போதோ ஒரு பல் தளர்த்திக்கொள்வது எளிது. ஆனால் அந்தப் பல்வரிசையையும் பக்கிளின் உள்ளே அதைப் பிடிக்கும் நாக்கையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பற்கள் தேய்ந்தாலோ தையல் விட்டாலோ பெல்ட் முன்னறிவிப்பின்றி நழுவும். இருபுறமும் அழுத்தித் திறக்கும் கோப்ரா பக்கிள்கள் மிகவும் வலுவானவை என்றாலும் தடிமனானவை. பல பேண்டு லூப்புகளில் நுழையாது, மெல்லிய சட்டைக்குள் தனியே புடைத்தும் தெரியும். முன்புறமாக அணிபவர்கள் எந்தப் பக்கிளாக இருந்தாலும் அதைத் தொப்புளுக்கு நேராக விடாமல், துப்பாக்கி இல்லாத பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டால், பக்கிளும் உறையும் ஒரே இடத்தில் குவிவதைத் தவிர்க்கலாம்.

அளவெடுப்பதில் பேண்டின் எண்ணை நம்ப வேண்டாம். ஆடை நிறுவனங்கள் அந்த எண்ணை மனம்போல் போடுகின்றன. இப்போது அணியும் பெல்ட்டை மேசைமீது நேராக விரித்து, பட்டை பக்கிளில் மடியும் இடத்திலிருந்து வழக்கமாக மாட்டும் துளை வரை அளந்துகொள்ளுங்கள். பேண்டுக்கு உள்ளே செருகும் உறையாக இருந்தால், உறையும் காலி செய்யப்பட்ட துப்பாக்கியும் உள்ளே இருக்கும் நிலையில் இடுப்பைச் சுற்றி அளக்க வேண்டும். துப்பாக்கியின் தடிமனைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை கூடும். பேண்டின் இடுப்பளவும் அதே அளவுக்குத் தளர்வாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் பயன்படாது. துளைப் பெல்ட் என்றால் நடுத்துளையில் பொருந்தும் அளவை வாங்குங்கள். துப்பாக்கி இல்லாத நாட்களில் உள்ளேயும், உடல் சற்றுப் பருத்தால் வெளியேயும் நகர்வதற்கு இடமிருக்கும்.

பெல்ட் வந்து சேர்ந்ததும், திருப்பித் தருவதற்கான காலம் முடிவதற்குள் வீட்டிலேயே முழுமையாகச் சோதித்துவிடுங்கள். துப்பாக்கியிலிருந்து மேகசினை எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் (சேம்பர்) எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும். காலித் துப்பாக்கி எடை குறைந்தது என்பதால், வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை மேகசினில் நிரப்பிக்கொண்டால் உண்மையான எடையை ஓரளவு நெருங்கலாம். பெல்ட்டை வழக்கமான இறுக்கத்தில் கட்டி, நில்லுங்கள், குனியுங்கள், தாழ்வான நாற்காலியில் உட்காருங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். பிறகு கண்ணாடியின் முன் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பெல்ட்டின் மேல்விளிம்பு உடலோடு ஒட்டியிருக்கிறதா, உறை இருக்கும் இடத்தில் மட்டும் வெளியே மலர்ந்திருக்கிறதா என்பது தெரியும். மெதுவாக ஒருமுறை உருவிப் பாருங்கள். உறை ஒரு விரல்கடை மேலே ஏறி வந்தால்கூடப் பெல்ட்டோ கிளிப்போ பொருந்தவில்லை என்று கொள்ள வேண்டும். திரும்ப உறையில் வைப்பதையும் ஒரே கையால் செய்து பாருங்கள், ஏனெனில் தொய்ந்த பெல்ட்டில் உறையின் வாய் நிலையாக நிற்காது, அப்போது மற்றொரு கை தானாகவே குழல்முனைக்கு முன்னால் உதவிக்கு வந்துவிடும்.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும் என்று பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குபவர்களுக்குத் தொடையின் வெளிப்புறத்தில் மரத்துப்போதலோ எரிச்சலோ வரக்கூடும். இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டிச் செல்லும் நரம்பு அழுத்தப்படுவதே இதற்குக் காரணம். அப்படித் தோன்றினால் பெல்ட்டைத் தளர்த்தி, உறையின் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அகலவாக்கில் உறுதியான பெல்ட்டுக்கு இத்தனை இறுக்கம் தேவைப்படாது.

புதிய தோல் பெல்ட் முதல் சில வாரங்கள் முரண்டுபிடிக்கும். எண்ணெயில் ஊறவைத்து இளக்கப் பார்க்காமல், அணிந்தே பழக்க வேண்டும். இரண்டு பெல்ட்டுகளை மாற்றி மாற்றி அணிந்தால் வியர்வை காய்வதற்கு நேரம் கிடைத்து இரண்டுமே நீண்ட நாள் உழைக்கும். பக்கிளைத் திருகாணியால் பொருத்தியிருந்தால், திருகு கழலாமல் தடுக்கும் பசையை ஒரு சொட்டு இடுங்கள். துளை முட்டை வடிவமாக நீண்டாலோ, உறை அமரும் இடத்தில் குறுக்கே நிலையான மடிப்புக் கோடு விழுந்தாலோ, விளிம்பில் அடுக்குகள் பிரியத் தொடங்கினாலோ, அந்தப் பெல்ட்டைத் துப்பாக்கி இல்லாத நாட்களுக்கு ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.