புள்ளியின் ஓரத்தில் சிவப்பு

வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் என் லினக்ஸ் கணினியில், எழுத்துகளின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்தன. 'ழ்' மேலுள்ள புள்ளியில்தான் படுமோசம். கேபிளை மாற்றினேன், எழுத்துருவை மாற்றினேன். நான்கு நாள் வீண். மானிட்டர் விற்றவரிடம் சண்டைக்குப் போகாதது நல்லதாயிற்று.

அச்சுத் தகடு பார்க்கும் லென்ஸைத் திரையில் வைத்தேன். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் துணைப்பிக்சல்கள் என்ற மூன்று வண்ணக் கீற்றுகள். சிவப்பு, பச்சை, நீலம்: வரிசை சரி. அப்படியானால் கோளாறு, நிறக் கசிவைக் குறைக்கும் வண்ண வடிகட்டியில். எழுத்து வடிவங்களைப் பிக்சல்களாக மாற்றும் ஃபிரீடைப் நிரலின் இயல்பான வடிகட்டி ஒவ்வொரு துணைப்பிக்சலின் அடர்த்தியையும், தன்னையும் சேர்த்து ஐந்து துணைப்பிக்சல்களுக்கு 8, 77, 86, 77, 8 என்று, மொத்தம் 256 பங்காகப் பிரித்துக்கொடுக்கிறது. பங்கீடு நின்றால் நிறம் அப்பட்டமாகத் தெரியும். எழுத்துரு அமைப்புகளைக் கவனிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் நிரலில் எப்போதோ நானே போட்ட அமைப்பு அந்த வடிகட்டியை அணைத்து வைத்திருந்தது.

அமைப்பைத் திருத்தி, ஃபான்ட்கான்ஃபிக்கின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவில் (கோப்புறையில்) ஒரு புதிய கோப்பு எழுதினேன், பலனில்லை. இங்கேதான் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. அந்த அடைவில், பெயர் எண்ணில் தொடங்கி '.கான்ஃப்' என்று முடியும் கோப்புகளை மட்டுமே ஃபான்ட்கான்ஃபிக் படிக்கும். என்னுடையது எழுத்தில் தொடங்கியது! பெயருக்கு முன்னால் 99 சேர்த்து, செயலிகளை மூடித் திறந்தேன். புள்ளி கறுப்பாகிவிட்டது.