ஜப்பானில் கடைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஜப்பானில் நீங்கள் தவறு செய்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். நம்மூரில் வரிசையில் இடித்துக்கொண்டு நின்றால் முன்னால் இருப்பவர் சத்தம் போடுவார், கடைக்காரர் முறைப்பார். டோக்கியோவிலோ ஒசாகாவிலோ கல்லாவில் இருப்பவர் தலைகுனிந்து நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். ஊர் திரும்பும்வரை, தான் என்ன செய்தோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். சிலவற்றில் மட்டும் கைக்காசு போகும்.

சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவர் உங்கள் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் செய்து, இன்னொரு கூடையில் அடுக்குவார். கனமானது அடியில், முட்டையும் ரொட்டியும் மேலே. பில் முடிந்ததும் நம்மவர்கள் அங்கேயே நின்று பையைத் திறப்பார்கள், அல்லது அவரே போட்டுத் தருவார் என்று காத்திருப்பார்கள். இரண்டும் கூடாது. கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு, கல்லாவைத் தாண்டி இருக்கும் மேசைக்குப் போய் நீங்களேதான் பையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலை முதல் காசு. சில யென்தான், ஆனால் பை வேண்டும் என்பதை பில் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். பணத்தைக் கையில் நீட்டாமல் முன்னால் உள்ள சின்னத் தட்டில் வைக்க வேண்டும்.

தக்காளியை அமுக்கிப் பார்ப்பது, பழத்தை முகர்ந்து பார்ப்பதெல்லாம் அங்கே வேண்டாம். பேரமும் வேண்டாம். விலை குறைய வேண்டுமானால் நேரம் பார்த்துப் போக வேண்டும். பொழுது சாய்ந்தபின் ஊழியர் ஒருவர் ஸ்டிக்கரோடு வந்து சூஷி, பெந்தோ என்ற சாப்பாட்டுப் பெட்டி, பொரித்த மீன் என ஒவ்வொன்றின் மேலும் தள்ளுபடி ஒட்டிக்கொண்டே போவார். கடை மூடும் நேரம் நெருங்க நெருங்கப் பாதி விலை வரை இறங்கும். சுற்றி நிற்பவர்கள் வேறு எதையோ பார்ப்பதுபோல் நிற்பார்கள், ஸ்டிக்கர் விழுந்ததும் கை நீளும். முன்பே எடுத்துக் கூடையில் போட்டதை நீட்டி, "இதற்கும் ஒட்டுங்கள்" என்று கேட்பது மட்டும் அங்கே அநாகரிகம்.

விலைச்சீட்டில் இரண்டு எண்கள் இருந்தால், பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் வரி சேர்க்காத விலை. வரி பொதுவாக 10 சதவீதம், உணவுப் பொருளுக்கு 8. அதே உணவைக் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. 100 யென் கடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கினால் 110 யென் கேட்பதும் அந்த 10 சதவீதத்தால்தான்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்த வரி கிடையாது என்று கேள்விப்பட்டு, பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் பூட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. பாஸ்போர்ட் இல்லாமல் வரிவிலக்கு இல்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்காவது வாங்கியிருக்கவும் வேண்டும். தவிர, பயணிகள் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு கொடுத்துவிட்டு, விமான நிலையத்தில் சரிபார்த்தபின் திரும்பப் பெற வேண்டும். வாங்கியதைப் பெட்டிக்குள் போட்டு முன்கூட்டியே விமானத்தில் ஏற்றக் கொடுத்துவிட்டால், பொருளைக் காட்டச் சொல்லும்போது சிக்கல்தான்.

சைவம் சாப்பிடுபவர்கள் செய்யும் தவறு வேறு ரகம். கண்ணுக்கு மீனும் இறைச்சியும் தெரியவில்லை என்றால் சைவம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கடற்பாசியோடு கத்சுவோபுஷியும் சேர்த்துத்தான் அதைப் பெரும்பாலும் எடுப்பார்கள். கத்சுவோபுஷி வேறொன்றுமில்லை, நம் தூத்துக்குடி மாசிக்கருவாட்டின் உறவுக்காரன்: சூரை இன மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்தது. மிசோ சூப், உடோன் நூடுல்ஸின் குழம்பு, கீரைப் பொரியல் மாதிரி தெரியும் பக்க உணவு, எல்லாவற்றிலும் அது இருக்கலாம். காய்கறி மட்டும் மிதக்கும் ஜப்பானிய 'கர்ரி' குழம்பிலும் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்த மசாலாக் கட்டிதான் கரைந்திருக்கும். "இறைச்சி இல்லையா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, துண்டுகள் இல்லை என்கிறார். அட்டையில் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்தும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் கட்டாயமாகக் குறிக்க வேண்டியவற்றில் இறாலும் நண்டும் உண்டு, மீன் இல்லை. போன் கேமராவில் மொழிபெயர்த்து முழுச் சேர்மானத்தையும் படிப்பது ஒரு வழி. டோக்கியோவில் தங்குபவர்களுக்கு நிஷி கசாய் இருக்கிறது. இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி, பருப்பும் மசாலாவும் விற்கும் கடைகள் உண்டு.

பணம் அதிகமாகப் போவது மின்சாதனங்களில். டோக்கியோவின் மின்சாதனக் கடைப் பகுதியான அகிஹபாராவில் ரைஸ் குக்கரையும் ஹேர் டிரையரையும் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம்மூரில் 230. அங்கே வாங்கிய குக்கரை இங்கே அப்படியே செருகினால், அதன் சூடேற்றும் கம்பி தாங்க வேண்டிய வாட்டைப்போல் ஐந்து மடங்கு வாங்கும். முதல் நாளே புகைதான். பிளக்கின் முள்ளை மாற்றும் அடாப்டர் இதற்கு உதவாது, அது முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்தான், குக்கருக்கு ஏற்றது செங்கல் கனம் இருக்கும். வாங்கியே தீர வேண்டுமானால் 220 முதல் 240 வோல்ட் வரைக்கான வெளிநாட்டு மாடலைக் கேளுங்கள், பெரிய கடைகளில் தனியே வைத்திருப்பார்கள். கேமரா, லேப்டாப் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. ஊரிலிருந்து மிக்ஸி தூக்கிக்கொண்டு போவதும் இதே கதைதான், திருப்பிப் போட்டது.

துணிக்கடையில் உடைமாற்றும் அறைக்குள் செருப்போடு ஏறாதீர்கள். பெண்களுக்கு மெல்லிய துணியில் ஒரு முகமூடி தருவார்கள், முகப்பூச்சு துணியில் ஒட்டாமலிருக்க அதைத் தலையில் மாட்டிக்கொண்டு சட்டையைப் போட வேண்டும். டிப்ஸ் வைத்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் குப்பை. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் விஷவாயுத் தாக்குதலுக்குப் பின் பொது இடங்களில் இருந்த தொட்டிகள் பெருமளவு காணாமல் போயின. பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பது காலிப் பாட்டிலுக்கும் டின்னுக்கும் மட்டும், சாப்பிட்ட பொட்டலத்தை அதில் திணிக்கக் கூடாது. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கியதை அங்கேயே முடித்து, உள்ளே இருக்கும் தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் பையில் ஒரு கவர் வைத்துக்கொண்டு இரவு அறைக்குக் கொண்டு போக வேண்டியதுதான், ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.