சிதம்பர ரகசியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வீடு சிதம்பரம் தெற்கு வீதியில். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் வேலை. போன மாதம் சித்தப்பா வந்திருந்தார். நடராஜர் பக்கத்தில் ரகசியத்தை மறைத்திருக்கும் திரை விலகிய நேரத்தில் அவர் மஞ்சப்பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரை மூடிவிட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை சமயத்தில் வேண்டாம். தேரன்று மூலவரே வெளியே வந்துவிடுவார். அது வேறு தரிசனம். சாதாரண நாளில், மாலை பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

நடராஜர் தெற்கு பார்த்து நிற்பவர். அதனால் நான் தெற்குக் கோபுர வழியாகவே போவேன். வாசலிலேயே போனை அணைத்து உள்ளே வைத்துவிடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். முக்குறுணிப் பிள்ளையாரைக் கும்பிட்டதும் நேராகச் சந்நிதிக்கு ஓடாமல் பிரகாரத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள்.

உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். நிமிஷத்துக்குப் பதினைந்து என்றால் ஒரு நாளைக்கு 21,600. நடராஜர் நிற்கும் சித்சபையின் கூரையில் அத்தனை பொன் ஓடுகள் என்பார்கள். அவற்றைப் பிணைத்த ஆணிகள் 72,000, உடம்பின் நாடிகளும் அத்தனை என்பார்கள். எங்கள் ஆயா இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டும். மற்ற கோயில்களில் கருவறை கல்லில் இருக்கும். ஒரே வாசல், உள்ளே இருட்டு. கரு வளரும் அறை அப்படித்தானே இருக்கும்? இங்கே அது மரத்தால் ஆன சபை. நம் உடம்பையே கோயிலாகக் கட்டியிருக்கிறார்கள் என்று ஆயா நம்பியது. நானும் நம்புகிறேன்.

அப்புறம் சந்நிதி. சித்சபைக்கு முன்னால் இருக்கும் கனகசபையில் ஏற முடியுமா என்று பூஜை செய்யும் தீட்சிதரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நடராஜருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடது கைப்பக்கம் ரகசியம். கண் அங்கேயே இருக்கட்டும். திரை வெளிப்பக்கம் கறுப்பு, உள்பக்கம் சிவப்பு: கறுப்பு அறியாமை, சிவப்பு ஞானம். தீட்சிதர் திரையை விலக்கி ஆரத்தி காட்டும்போது தங்க வில்வ மாலைகள் மின்னும். சிலை இருக்காது. தேடாதீர்கள். பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயம். அந்த வெட்டவெளிதான் சாமி. கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து திறந்தே வைத்திருங்கள். வேண்டுதல் எல்லாம் திரை மூடிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பார்த்ததும் யாரிடமும் பேச வேண்டாம். சித்தியிடம் "ஒண்ணுமே இல்லையே" என்று ஆரம்பித்தால் பார்த்தது போய்விடும். கீழே இறங்கினால் பக்கத்திலேயே கோவிந்தராஜப் பெருமாள். ஒரே இடத்தில் நின்று இருவரையும் பார்க்கலாம்.

முடிந்தால் ராத்திரி அர்த்தசாமம் வரை இருங்கள். நடராஜரின் பாதுகையைப் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். கூட்டம் குறைந்திருக்கும், மேளச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். கதவு சாத்தும்போது ஓரமாக நில்லுங்கள். எட்டிப் பார்க்காதீர்கள். அது சாமியும் அம்மனும் இருக்கும் வீடு.