தாயறியாக் குஞ்சுகளின் குடல்நலம்: புரோபயாட்டிக், மஞ்சள், பூண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் நூறு, இருநூறு இறைச்சிக் கோழிகளை வளர்க்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வளர்ச்சிக்கென்று தீவனத்தில் ஆண்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. மலேசியாவிலும் 2019 முதல் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்னும் ஆண்டிபயாட்டிக்கைக் கொடுக்கத் தடை உண்டு. மாற்று வழிகளை நாமும் முறையாகக் கற்க வேண்டிய காலம் இது.

பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் குஞ்சு தாய்க்கோழியைக் கண்டதே இல்லை. தாய் கிளறிய மண்ணைக் கொத்தும்போது வந்து சேர வேண்டிய நல்ல நுண்ணுயிர்கள் அதன் குடலில் இல்லாததால், முந்தி நுழையும் கிருமியே அங்கு குடியேறிவிடுகிறது. வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா என்னும் குடற்கிருமி பற்றுவதைத் தடுக்கலாம் என்று பின்லாந்தின் ஆய்வாளர்கள் நூர்மியும் ரன்தலாவும் 1973இல் காட்டினார்கள். ஆகவே நல்ல நுண்ணுயிர்கள் உயிரோடு அடங்கிய புரோபயாட்டிக்கை, கழிச்சல் கண்ட பிறகு அல்ல, குஞ்சு வந்திறங்கும் அன்றே தொடங்கி ஐந்து நாள் கொடுங்கள்.

பலர் தவறுவது தண்ணீரில்தான். குழாய் நீரிலுள்ள குளோரின் அந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும் என்பதால், கொதிக்க வைத்து நன்கு ஆறிய நீரில், பொட்டலத்தில் குறித்த அளவைக் கரைத்து, மூன்று மணி நேரத்தில் குடித்து முடியும் அளவு மட்டும் நிழலில் வையுங்கள். புரோபயாட்டிக் நுண்ணுயிர்களில் லாக்டோபேசில்லஸ் வகை சூடு தாங்காது. தீவனத்தில் கலப்பதானால், வித்தாக உறங்கி வெப்பத்தைத் தாங்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பத்தாம் நாளுக்குப் பின் மஞ்சளும் பூண்டும் சேர்க்கலாம். 50 கிலோ தீவன மூட்டைக்கு 250 கிராம் மஞ்சள்தூளும் அதே அளவு காய்ந்த பூண்டுத்தூளும் போதும். முதலில் இரண்டு கிலோ தீவனத்தில் சீராகக் கலந்து, பிறகு மூட்டை முழுவதிலும் பரப்பிக் கிளறுங்கள். சாயம் கலந்த தூளுக்கு அஞ்சி நான் மஞ்சள் கிழங்கையே வாங்கி அரைக்கிறேன். பூண்டு கிருமிகளை ஒடுக்கும் தன்மையுடையது. ஆதலால் பூண்டுச் சாற்றைப் புரோபயாட்டிக் நீரில் ஊற்றாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கலந்த தீவனம் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வாரத் தேவைக்கு மேல் கலக்க வேண்டாம். ஆலையில் மலிவாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் நார் மிகுதி. இளங்குஞ்சுகளுக்கு அது ஆகாது.

மரத்தூள் படுக்கை நனைந்திருந்தால் இவை எதுவும் பலன் தராது. காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் அந்த ஈரத்தில்தான் முதிரும்; கோழி அவற்றைக் கொத்தி விழுங்கினால் அது குடலில் பெருகிக் குடற்சுவரைப் புண்ணாக்கும்; அந்தப் புண்ணின் வழியே கிளாஸ்ட்ரிடியம் என்னும் குடற்கிருமி தன் வேலையைத் தொடங்கும். தண்ணீர்க் குவளையைச் சுற்றி ஈரமான தூளை நாள்தோறும் அள்ளிவிட்டு, காலையில் எச்சத்தைப் பாருங்கள். இடையிடையே களிபோல் வரும் பழுப்பு எச்சம் இயல்பானதே. அதில் இரத்தம் கண்டால் மஞ்சளை நம்பிக் காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் ஆண்டிபயாட்டிக் கொடுத்தால், அது முடிந்த மறுநாள் புரோபயாட்டிக்கை மீண்டும் மூன்று நாள் கொடுங்கள்.