பழைய வால்வு டெஸ்டரை உயிர்ப்பிக்கும் முன்

ஹிக்கோக் நிறுவனத்தின் வடிவமைப்பில் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த டிவி-7, எலக்ட்ரானிக் வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை) சோதிக்கும் கருவி. அது கைக்குக் கிடைத்தால், உடனே பிளக்கில் செருகிவிடாதீர்கள். அது 115 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

முதலில் சாக்கெட்டுகளையும் சுவிட்சுகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அப்புறம் கார்பன் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். பல ஆண்டுகளில் அவற்றின் மதிப்பு ஏறிவிடும், மீட்டர் காட்டுவதும் பிசகும்.

உள்ளே இருக்கும் 83 வால்வுதான் இதன் உயிர்நாடி. அது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பாதரச ஆவி ரெக்டிஃபையர். உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வெறும் டையோடுகளைப் போட்டுவிடுவது பலர் செய்யும் வேலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. 83-ல் ஏறக்குறைய 15 வோல்ட் மின்னழுத்த இறக்கம் லோடு மாறினாலும் பெரிதாக மாறாமல் இருக்கும். டையோடில் அந்த இறக்கம் கிடையாது. அதனால் வோல்டேஜ் கூடி, சோர்ந்த வால்வும் நல்லதுபோலத் தெரியும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஜீனர் டையோடு சேர்த்து அந்த இறக்கத்தைக் கொடுத்து, பிறகு மறுபடி காலிபரேட் செய்யுங்கள்.

சோதிக்கும்போது, வால்வுக்குள் பாகங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கும் ஷார்ட் டெஸ்ட்தான் எப்போதும் முதலில். ஷார்ட் ஆன வால்வை அப்படியே அளக்கப் போனால் மீட்டருக்கே ஆபத்து. வால்வு சூடான பிறகு மெயின்ஸ் வோல்டேஜைச் சரிபார்க்கும் லைன் பட்டனை அழுத்தி, மீட்டர் முள் அதற்கான குறியில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். வால்வை மாற்றினால் லோடும் மாறும், எனவே ஒவ்வொரு முறையும் இதைச் செய்யவேண்டும்.